சுவரை மூடுவதற்கு முன் சுவரைக் கேளுங்கள்: திகனயில் ஒரு மரச்சுவர் அனுபவம்

2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி இரவு எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடிகள் சலசலத்தன. கல் உடைக்கும் வெடிச்சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. திகனயைச் சுற்றி டொலமைட் அகழும் இடங்கள் பல இருக்கின்றன. ஆனால் இரவில் யாரும் வெடி வைப்பதில்லை. அயலவர்கள் எல்லோரும் வீதிக்கு வந்து நின்றோம். மறுநாள் காலையில்தான் கவனித்தேன். ஹோலின் பின்சுவரில், இடப்பக்க மேல்மூலையிலிருந்து சாய்வாகக் கீழிறங்கும் ஒரு வெடிப்பு, தலைமயிர் அளவில் இருந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் மேலும் சில தடவைகள் நிலம் அதிர்ந்தது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அதிகாரிகள் வந்து ஆராய்ந்தார்கள். பல்லேகலையில் உள்ள நில அதிர்வுமானி அவற்றைப் பதிவு செய்திருந்தது. எல்லாமே சிறிய அதிர்வுகள்தாம். காரணம் கல் அகழ்வா, விக்டோரியா நீர்த்தேக்கமா, நிலத்தின் இயல்பா என்று ஊரில் பலவாறு பேசிக்கொண்டார்கள். பேச்சு ஓய்ந்தது. வெடிப்பு மட்டும் சுவரிலேயே இருந்தது.

2024இல் வீட்டுக்குப் பூச்சு அடிக்கும் வேளை வந்தபோது மகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். தொலைக்காட்சிக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை மெல்லிய மரச்சலாகைகள் வரிசையாக நிற்கும் சுவர். இப்போது கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் புதிதாகக் கட்டும் வீடுகளில் இதைப் பரவலாகக் காணலாம். "இதை அடித்தால் அந்த வெடிப்பும் மறைந்துவிடும் வாப்பா" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அது ஏன் பிழையான யோசனை என்பதையும், அந்தச் சுவரை எப்படிச் சரியாக அமைத்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். மலைநாட்டில் வீடு வைத்திருக்கும் எவருக்கும் இது உதவலாம்.

"சுவர் நிற்குதா, நடக்குதா?"

முதலில் பலகை விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே காட்டியது பிளாஸ்டிக் கலந்த வரிப்பலகை. சிலிக்கன் பசை பூசி நேரே சுவரில் ஒட்டிவிடலாம், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். "மேலே பலகை வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று கேட்டார்கள்.

பிறகு எங்கள் பகுதியில் நீண்டகாலமாகத் தச்சுவேலை செய்யும் பாஸ் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெடிப்பில் விரலை வைத்துக் கீழ்வரை தடவினார். "தம்பி, இந்தச் சுவர் நிற்குதா, நடக்குதா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "நிற்கிற வெடிப்பு என்றால் பூசி மூடலாம். நடக்கிற வெடிப்பு என்றால் மூடக் கூடாது. அது உங்களுக்கு வந்த கடிதம்" என்றார்.

மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. சுவரிலும் தரையிலும் புதிதாக வெடிப்புகள் தோன்றுவது, கதவு யன்னல்கள் திடீரென இறுகுவது, மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது, புதிய ஊற்று கிளம்புவது, தண்ணீர் கலங்கி வருவது ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குத் தொடர்ந்து அறிவுறுத்தி வருகிறது. இவற்றில் முதலாவது அறிகுறியைத்தான் நாம் அழகுக்காகப் பலகையால் மூடிவிடப் பார்க்கிறோம்.

வெடிப்பை அளப்பது எப்படி?

பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். முனை அந்தக் கோட்டைத் தாண்டினால் வெடிப்பு நீள்கிறது என்று பொருள். அகலத்தை அறிய, வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு சிறிய திருகாணியை இறுக்கி, அவற்றுக்கு இடையிலான தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வறட்சிக்காலமும் கடக்கும்வரை இதைச் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரிவரை பெய்யும் மழைதான் சோதனைக் காலம்.

வெடிப்பின் அகலத்தைக் கொண்டு சேதத்தை மதிப்பிடப் பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோல் ஒன்றைப் பொறியியலாளர்கள் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 1 மில்லிமீற்றர் வரையான வெடிப்பு வழமையான பூச்சு வேலையோடு சரியாகும். 5 மில்லிமீற்றர் வரையானதை இலகுவாக நிரப்பலாம். அதைத் தாண்டினால் சுவரைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும். 15 மில்லிமீற்றரைத் தாண்டினால் சுவரின் பகுதிகளையே உடைத்துக் கட்ட வேண்டிவரும். ஆனால் அகலத்தைவிட முக்கியம், அது தொடர்ந்து மாறுகிறதா என்பதுதான். மாறாத 3 மில்லிமீற்றரைவிட மாதந்தோறும் வளரும் 1 மில்லிமீற்றர் ஆபத்தானது. அப்படி வளர்வதைக் கண்டால் தச்சரை விட்டுவிட்டுப் பொறியியலாளரைத் தேடுங்கள். வீடு சரிவில் இருந்தால் பிரதேச செயலகத்தின் ஊடாகக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கோரலாம்.

எங்கள் வெடிப்பு 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்தோம், அசையவில்லை. அதன் பிறகுதான் பாஸ் மரத்தைப் பற்றிப் பேசினார்.

அடுத்தது ஈரம்

கண்டியைச் சுற்றி மரச்சுவர்கள் பாழாவதற்கு முதற்காரணம் ஈரம். பின்பக்க மண்மேட்டிலிருந்து கசியும் நீர், அத்திவாரத்திலிருந்து மேலேறும் ஈரம், உடைந்த பீலியிலிருந்து சுவரில் வழியும் மழைநீர் என்று அது மூன்று வழிகளில் வரும். பூச்சு கொப்பளித்தாலோ, வெண்ணிற உப்புப் பூத்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம், சுவர் நனைந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. 2 அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பினால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். முதலாவது என்றால் மரம் அடிக்கக் கூடாது. இரண்டாவது என்றால் காற்றோட்டம் வைத்து அடிக்கலாம். இந்தச் சோதனையைச் சுவரின் அடியில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக, மழை நாட்களில் செய்வது நல்லது.

எங்கள் சுவரின் நடுப்பகுதி காய்ந்திருந்தது. அடியில் துளிகள் கண்டன. வீட்டின் பின்பக்கக் கான் மண்ணால் நிரம்பி, மழைநீர் சுவரோடு தேங்கி நின்றதுதான் காரணம். கானை வெட்டித் துப்புரவாக்கி, மண்மேட்டைச் சுவரிலிருந்து விலக்கினோம். மூன்று மாதம் சுவரை உலரவிட்டு மறுபடி சோதித்த பிறகே வேலையைத் தொடங்கினோம். உட்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது நீரை நிறுத்தாது, வேறு இடத்தால் வரச் செய்யும்.

எந்த மரம்?

கடைகளில் இன்று கிடைப்பவை நான்கு வகை.

முதலாவது, பி.வி.சி. அல்லது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த வரிப்பலகைகள். ஈரத்துக்கும் கறையானுக்கும் அஞ்சாதவை, விரைவாகப் பொருத்தலாம். ஆனால் சுவரை முழுதாக மூடிவிடும். ஒட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாது. பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நச்சுத்தன்மை கொண்டது.

இரண்டாவது, எம்.டி.எஃப். பலகை. வழவழப்பானது, நிறம் அடிக்க ஏற்றது. சாதாரண எம்.டி.எஃப். ஈரம் பட்டால் ஓரங்கள் பாண்போல் ஊதிவிடும். மீண்டும் பழைய நிலைக்கு வராது. வாங்குவதென்றால் ஈரம் தாங்கும் வகையைக் கேளுங்கள், வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் பூச்சு அடியுங்கள். பலகைப் பசையிலிருந்து வெளியாகும் ஃபோமல்டிஹைட் வாயுவையும் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. 'ஈ-1' அல்லது அதைவிடக் குறைந்த வெளியீடு உடையது என்று குறிக்கப்பட்ட பலகையையே உறங்கும் அறைக்கு எடுக்க வேண்டும்.

மூன்றாவது, மரத்தோல் ஒட்டிய பிளைவூட். எம்.டி.எஃபைவிட ஈரம் தாங்கும், நெளிவது குறைவு.

நான்காவது, அரிந்த மரம். விலை கூடியது என்று எல்லோரும் ஒதுங்குகிறோம். ஆனால் தேக்கும் பலாவும்தான் மரம் என்றில்லை. சுவருக்கு அடிக்கும் சலாகை பாரம் தாங்குவதில்லை, பார்வைக்குத்தான் நிற்கிறது. அதற்குக் கண்டிப் பகுதி வீட்டுத்தோட்டங்களில் வளரும் கினிசப்பு, மஹோகனி, லுணுமிதெல்ல ஆகியவை தாராளமாகப் போதும். நாம் மலைவேம்பு என்று சொல்லும் லுணுமிதெல்ல பாரம் குறைந்தது. கறையான் அதை இலகுவில் தொடாது என்பது தச்சர்களின் அனுபவம். பைனஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் நன்கு உலர்த்தி மருந்திடாமல் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு வழி, பழைய வீடு உடைத்த மரம். பல ஆண்டுகள் கூரையில் இருந்து உலர்ந்ததால் இனி நெளியாது. ஆணிகளைப் பிடுங்கிய பிறகே அரிய வேண்டும். இல்லாவிட்டால் மர ஆலைக்காரர் வாளோடு சண்டைக்கு வருவார்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. சொந்தத் தோட்டத்துப் பலாமரம் என்றாலும் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். ஈரப்பலாவுக்கும் அதே சட்டம்தான். பல இன மரங்களை வீதியால் ஏற்றிச் செல்வதற்குப் போக்குவரத்து அனுமதிப்பத்திரமும் தேவை. மரக்காலையிலோ அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

நாங்கள் எடுத்தது கினிசப்பு.

மரம் மூச்சு விடும்

பச்சையாக வந்த மரத்தை அவசரப்பட்டு அடிப்பது அடுத்த பெரிய பிழை. மரம் தான் இருக்கும் இடத்துக் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரும்வரை சுருங்கிக்கொண்டோ விரிந்துகொண்டோ இருக்கும். எங்கள் காலநிலையில் வீட்டினுள் அந்தச் சமநிலை ஏறக்குறைய 12 முதல் 16 வீத ஈரம். நன்றாக அசையாமல் நிற்கும் மரம் என்று பேர்பெற்ற தேக்கிலேயே, 6 அங்குல அகலப் பலகை ஒன்றின் ஈரம் 4 வீதம் மாறினால் அகலம் 1 மில்லிமீற்றர் அளவுக்கு மாறும். 12 அடிச் சுவரில் இருபதுக்கும் மேற்பட்ட பலகைகளை இடைவெளியின்றி நெருக்கி அடித்தால், மழைக்காலத்தில் அவை ஒன்றையொன்று தள்ளி நடுவில் புடைத்துக்கொண்டு வரும்.

ஆகவே இரண்டு விதிகள். முதலாவது, மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, இடையிடையே கட்டைத் துண்டு வைத்து அடுக்கி, அடிக்கப்போகும் அறையிலேயே குறைந்தது இரண்டு மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும். இது ஏற்கெனவே உலர்த்திய மரத்துக்கான கணக்கு. பச்சை மரத்துக்கு மாதக்கணக்காகும். இரண்டாவது, அகலப் பலகையைவிட ஒடுக்கமான சலாகையே நல்லது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் சுருங்கி விரியலாம், அயலாரைத் தள்ளாது. இடைவெளியால் காற்றும் போகும்.

இந்தப் பாடம் எங்கள் அயலிலேயே இருக்கிறது. உடுநுவரையில் உள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மேள மண்டபத்தைப் பாருங்கள். செதுக்கிய மரத்தூண்கள் உயர்த்திய மேடையில், சுற்றிலும் திறந்த வெளியில் நிற்கின்றன. கூரையின் 26 கைமரங்களை ஒரே மர ஆணி இணைத்துப் பிடித்திருக்கிறது. கண்டி மாளிகையின் மகுல் மடுவவும் அவ்வாறு திறந்த மண்டபமே. அந்தக் காலத் தச்சர்கள் மரத்தை மண்ணோடும் ஈரச்சுவரோடும் ஒட்டவில்லை. காற்றுப்படும் இடத்தில் நிறுத்தினார்கள்.

கழற்றக்கூடிய சுவர்

பாஸ் சொன்ன நிபந்தனை ஒன்றுதான். "எதை அடித்தாலும் திரும்பக் கழற்றிச் சுவரைப் பார்க்க முடிய வேண்டும்." அதற்காக அவர் முழுச்சுவரையும் நான்கு தட்டிகளாகப் பிரித்தார். கணக்கைத் தருகிறேன். உங்கள் சுவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சுவர் 12 அடி அகலம், 9 அடி உயரம். ஒரு தட்டி 3 அடி அகலம், 8 அடி 8 அங்குல உயரம். மேலே 2 அங்குலமும் தரையிலிருந்து 2 அங்குலமும் இடைவெளி. ஒவ்வொரு தட்டியிலும் ஒன்றரை அங்குல அகலமும் முக்கால் அங்குலத் தடிப்பும் கொண்ட 14 சலாகைகள். இரண்டுக்கு இடையில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளி. நான்கு தட்டிக்கும் 56 சலாகைகள்.

சீவும்போது மரம் குறையும் என்பதால் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு 1 அங்குலம் என்ற அளவில் அரிந்து எடுத்தோம். 9 அடி நீளத்தில் 56 துண்டுக்கு ஏறக்குறைய 6 கன அடி. பின்பக்கக் குறுக்குச் சட்டங்களுக்கு இன்னும் 1 கன அடி. ஆக, 7 கன அடி மரம். உடைந்தது, வளைந்தது போக மேலும் அரைக் கன அடி கூட எடுப்பது நல்லது. மரக்காலையில் கன அடி விலையைக் கேட்டு இதனால் பெருக்கினால் உங்கள் செலவு தெரிந்துவிடும். சுவர் முழுவதும் வேண்டாம் என்றால் நடுவில் இரண்டு தட்டிகள் மட்டும் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். மரமும் பாதியாகும்.

கொளுவும் முறை இதுதான். 4 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள சட்டத்தை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வாக அரிந்தால் இரண்டு துண்டு வரும். ஒன்றைச் சுவரில் அடிக்க வேண்டும். அதன் சாய்ந்த விளிம்பு மேலே இருக்க, சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு வாய்க்கால்போல் பள்ளம் உண்டாகும். மற்றத் துண்டைத் தட்டியின் பின்னால், சாய்ந்த விளிம்பு கீழே பார்க்குமாறு இறுக்க வேண்டும். தட்டியைத் தூக்கி வைத்தால் ஒன்று மற்றொன்றின் பள்ளத்தில் போய் அமர்ந்துவிடும். பாரம் கூடக் கூட இன்னும் இறுகும். கழற்ற வேண்டுமானால் இரண்டு அங்குலம் மேலே தூக்கினால் போதும். மேலே விட்ட இடைவெளி அதற்காகத்தான்.

ஒரு தட்டிக்கு மேலே ஒரு கொளுவி, நடுவில் ஒரு கொளுவி. கீழ்ப்பகுதியில் அதே தடிப்பில் இரண்டு வெறும் குறுக்குச் சட்டங்கள். இதனால் தட்டி முழுவதும் சுவரிலிருந்து 1 அங்குலம் விலகி நிற்கும். கீழேயிருந்தும் சலாகைகளின் இடைவெளிகளாலும் காற்று நடமாடும். சலாகைகளைப் பின்பக்கத்திலிருந்து ஒன்றரை அங்குலத் திருகாணியால் இறுக்கினால் முன்னால் ஒரு துளையும் தெரியாது. ஒரு தட்டி ஏறத்தாழ 20 கிலோ வரும். இரண்டு பேர் இலகுவாகத் தூக்கலாம்.

சுவரில் ஒவ்வொரு கொளுவித் துண்டுக்கும் மூன்று துளை. 8 மில்லிமீற்றர் ரோல் பிளக் போட்டோம். எங்களுடையது செங்கல் சுவர். உட்குழிவான சீமெந்துக் கல் என்றால் அதற்கென உள்ள பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும், சாதாரணமானது பிடிக்காது. வெடிப்புக்கு அண்மையில் துளையிடாதீர்கள். நாங்கள் நான்கு அங்குலம் விலகியே துளையிட்டோம். கொளுவித் துண்டு வெடிப்பைக் குறுக்காகக் கடக்க நேர்ந்த இடத்தில் அதை இரண்டாக வெட்டி விட்டோம். துளையிடும் முன் உள்ளே மின்வயர் போகிறதா என்று பார்ப்பது உயிர்காக்கும் வேலை.

பழைய சுவர்கள் நேராக இருப்பதில்லை. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, உள்வாங்கிய இடங்களில் கொளுவிக்குப் பின்னால் மெல்லிய பிளைவூட் துண்டு வைத்துச் சரிசெய்ய வேண்டும். எங்கள் சுவர் நடுவில் அரை அங்குலம் குழிந்திருந்தது. கடைசியாக, பிள்ளைகள் தூக்கி விளையாடாமல் இருக்கத் தட்டியின் கீழ்ச்சட்டத்தில், இரண்டு சலாகைகளுக்கு நடுவில் ஒரேயொரு திருகாணி. தொலைக்காட்சியைத் தட்டியில் தொங்கவிடக் கூடாது. சுவரில் நேரே இறுக்கிய தாங்கியில் மாட்டலாம், அல்லது எங்களைப்போல் மேசையில் வைக்கலாம்.

மின்சாரமும் தீயும்

மரச்சுவரின் பின்னால் வயர் இணைப்புகளை ஒளித்து வைப்பது வழமையாகிவிட்டது. அது கூடாது. வயர்கள் குழாய்க்குள் போக வேண்டும். இணைப்புப் பெட்டிகள் பலகையின் மட்டம்வரை முன்னால் வர வேண்டும். அழகுக்குப் போடும் எல்.ஈ.டி. பட்டியின் மின்மாற்றி சூடாகும் பொருள். அதைக் காற்றுப்படும் இடத்தில், எட்டிக் கழற்றக்கூடியவாறு வைக்க வேண்டும். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுகிறதா என்று சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நுளம்புத்திரி, சாம்பிராணி, விளக்கு எதையும் சலாகைகளின் அடியில் வைக்க வேண்டாம். சமையலறை அடுப்புச் சுவருக்கும், வெளியேறும் ஒரே வாசலை ஒட்டிய சுவருக்கும் மரம் அடிக்காதீர்கள். 2018 மார்ச்சில் வீடுகளும் கடைகளும் எரிந்ததைப் பார்த்த ஊர் எங்களுடையது. வெளியே போகும் வழி எது என்று யோசிக்காமல் இங்கே யாரும் வீட்டில் எதையும் மாற்றுவதில்லை.

கறையானும் பூச்சும்

தரைக்கும் மரத்துக்கும் இடையில் விட்ட 2 அங்குலம் துடைப்பம் போவதற்கு மட்டுமல்ல. கறையான் மண்குழாய் கட்டி ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணில் பட்டுவிடும். தரையோடு ஒட்டி அடித்தால் மரத்தின் உள் முழுவதையும் தின்ற பிறகே தெரியவரும்.

மெல்லிய தூள் கொட்டும் துளைகள் கறையானுடையவை அல்ல, மரவண்டினுடையவை. அது மரத்தின் வெளிர்நிற ஓரப்பகுதியைத்தான் விரும்பும். ஆகவே வெளிர்நிறம் கூடிய துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். மிகுதிக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி, நன்றாக உலர்ந்த பிறகு வார்னிஷ் அடிக்கலாம். கையுறை போடுவதும், பிள்ளைகளை விலக்கி வைப்பதும் அவசியம். பூச்சு எதுவானாலும் சலாகையின் நான்கு பக்கமும் இரண்டு முனைகளும் பூசப்பட வேண்டும். முன்பக்கத்தை மட்டும் பூசினால் பின்பக்கம் ஈரம் குடித்து மரம் வளைந்துவிடும். முனைகளே கூடுதலாக ஈரம் குடிப்பவை. பூச்சு வேலையைத் தட்டியாக இறுக்கும் முன்பே முடித்துவிட்டால் வேலை பாதியாகும்.

பிறகு பெரிய பராமரிப்பு இல்லை. மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் தூசு தட்டுவது, ஆண்டுக்கு இரண்டு முறை தட்டிகளைக் கழற்றிச் சுவரைப் பார்ப்பது. ஒன்று மழைக்கு முன், மற்றது மழைக்குப் பின்.

பலகைக்குப் பின்னால்

நாங்கள் வெடிப்பைப் பூசி மறைக்கவில்லை. தளர்ந்த பூச்சைச் சுரண்டி நிரப்பினோம். அதன் மேலேயே மறுபடி பென்சில் கோடுகளைப் போட்டுத் திகதி எழுதினோம். அதன் பிறகே தட்டிகளைக் கொளுவினோம். வந்தவர்கள் எல்லோரும் முன்பக்கத்தை மெச்சினார்கள். பின்பக்கம் எங்களுக்கு மட்டும் தெரியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாடு முழுவதும் மண்சரிவுகள். கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. மின்சாரம் இல்லை, வீதிகள் மூடிக் கிடந்தன. எங்கள் வீட்டின் பின்மேட்டிலிருந்து கானுக்குள் சேறு இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியேறுவதா, இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய இரவு அது. நானும் மகளும் டோர்ச் வெளிச்சத்தில் இரண்டாவது தட்டியைத் தூக்கிக் கழற்றினோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெடிப்பின் கீழ்முனை பென்சில் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. தட்டியைத் திரும்ப வைக்கவில்லை. பிள்ளைகளையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த இரவே மேட்டிலிருந்து விலகிய உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

சுவர் விழவில்லை. மழை விட்ட பிறகு பொறியியலாளர் ஒருவரைக் கொண்டுவந்து காட்டினோம். பின்பக்கத்துக்குத் தாங்குமதில் ஒன்று கட்ட வேண்டும் என்றார், வேலை நடக்கிறது. தட்டிகள் நான்கும் இப்போது விறாந்தையில் சாய்ந்து நிற்கின்றன. ஒரு கீறல்கூட இல்லை. மதில் முடிந்து இன்னுமொரு மழைக்காலம் போகட்டும், பிறகு மாட்டலாம் என்று பாஸ் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீடு மேட்டோரத்தில் இருந்து, சுவரில் புதிய வெடிப்பைக் கண்டால், அதுவும் மழை நாளில் கண்டால், யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டை விட்டு விலகி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மரச்சுவரை எப்போதும் அடிக்கலாம்.